மன்னார்க் கரையில் தனித்தனிப் படைப்பு: ஒரு சமயக் கோட்பாட்டின் சமூக வரலாறு

1. பிரச்சினை

மனிதர் ஒவ்வொருவரையும் இறைவன் தனித்தனியே அறிந்து, விரும்பி, உருவாக்குகின்றான் என்பது கத்தோலிக்க சமயப் போதனையின் ஆதாரக் கருத்துக்களுள் ஒன்றாகும். உடல் பெற்றோர் வழி வருவது. ஆத்துமமோ ஒவ்வொரு முறையும் இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என அச்சமயத்தின் இறையியலாளர் வரையறுத்துள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் இதனை விரித்துரைத்தார். 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் இதனை மீளவும் வலியுறுத்தினார். விவிலியத்தின் ஆதியாகமம் மண்ணைப் பிசைந்து மனிதனை வனையும் கடவுளைக் காட்டுகின்றது. சங்கீதங்களுள் 139ஆவது, தாயின் கருவறையில் மனித உடலை நெய்யும் கடவுளைக் காட்டுகின்றது.

இக்கோட்பாடு மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது இறையியலாளரின் பணி. ஒரு கருத்து எந்த மக்களிடம், எத்தகைய உற்பத்தி உறவுகளின் நடுவே, எவர் வாயிலாக வந்து சேர்ந்தது என்பதும், வந்து சேர்ந்தபின் அம்மக்கள் அதனை எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதுமே எமது வினா. இவ்வினாவுக்கு மன்னார்த் தீவும், அதன் எதிர்க்கரையிலுள்ள மாந்தை, அரிப்பு, சிலாபத்துறை முதலிய இடங்களும் பொருத்தமான களமாக அமைகின்றன. ஈழத்தில் தமிழ்க் கத்தோலிக்கம் முதலில் வேரூன்றிய பிரதேசங்களுள் மன்னார் ஒன்று. முத்தின் பொருட்டு ஆட்சியாளர் பலர் மனித உழைப்பை நூற்றாண்டுக் கணக்கில் எண்ணியும் அளந்தும் வந்த கரையும் இதுவே. மனிதன் ஒப்பற்ற தனிப்படைப்பு என்ற போதனையும், மனிதனை எண்ணிக்கையாகக் கொள்ளும் நிருவாகமும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கப்பல்களில் இங்கு வந்திறங்கின. இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்பாடே இக்கோட்பாட்டின் மன்னார் வரலாறு எனலாம்.

சமயத்தை மக்களின் அபின் என மார்க்ஸ் 1844இல் கூறியதை மேற்கோளாக ஆள்வோர் எம்மிடையே பலர். அதே பந்தியில், சமயத் துயரம் மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான ஆட்சேபமாகவும் விளங்குகின்றது என்ற கருத்தையும் அவர் வைத்திருப்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. இவ்விரு கூறுகளையும் ஒருசேர மனங்கொண்டே நாம் மேலே செல்லவேண்டும்.

2. உயிர் பற்றிய இரு நோக்குகள்

போர்த்துக்கேயர் வருமுன் மன்னார்க் கரை சமயக் கருத்துக்கள் அற்ற வெற்றிடமாக இருக்கவில்லை. மாந்தையை அண்டிய திருக்கேதீச்சரம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலமாகும். சைவ சித்தாந்தத்தின்படி பதி, பசு, பாசம் ஆகிய மூன்றும் அநாதியானவை. உயிர் எவராலும் படைக்கப்பட்டதன்று. அவ்வுயிருக்குத் தனு, கரண, புவன, போகங்களை அதனதன் வினைக்கேற்பக் கூட்டுவிப்பதே இறைவனின் படைப்புத் தொழில். இங்கும் இறைவனின் கவனம் உயிர்தோறும் தனித்தனியே செல்கின்றது என்பதை மறந்துவிடலாகாது. இன்ன உயிருக்கு இன்ன உடல் எனத் தேர்ந்தளிக்கும் அருளைச் சித்தாந்திகள் தாயின் அன்புக்கு ஒப்பிடுவர்.

ஆயின் பிறப்பின் ஏற்றத்தாழ்வை விளக்கும்போது இவ்விரு கோட்பாடுகளும் வேறுபடுகின்றன. வினைக்கேற்ற உடல் என்னும் கருத்து, தாழ்ந்த சாதியில் பிறந்தவன் தன் முன்வினையின் பயனையே நுகர்கின்றான் என்ற முடிவுக்கு எளிதில் இட்டுச்செல்லக்கூடியது. நிலவுடைமைச் சமுதாயத்தின் மேல்தட்டினருக்கு இம்முடிவு பெரிதும் வாய்ப்பாக அமைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம் திருநீலகண்டக் குயவரையும், நாகபட்டினத்து மீனவரான அதிபத்தரையும் நாயன்மார் வரிசையில் வைத்துப் போற்றியது மெய்யே. எனினும் அப்போற்றுதல் குயவரின் வாழிடத்தையோ மீனவரின் சமூக நிலையையோ மாற்றவில்லை.

ஒவ்வோர் ஆத்துமமும் புதிதாகவே படைக்கப்படுகின்றது எனக் கொள்ளும்போது முற்பிறப்பும் இல்லை, முன்வினையும் இல்லை. அதனால் இழிபிறப்புக்குப் பிறந்தவன்மீது பழி சுமத்த வழியும் இல்லை. இத்தர்க்கத்தின் கூர்மையைப் பதினேழாம் நூற்றாண்டில் உணர்ந்தவர் ரொபேர்ட் டி நொபிலி. தத்துவபோதகர் எனத் தமிழறிஞரால் அழைக்கப்பட்ட அவர் 'ஆத்தும நிருணயம்' என்னும் நூலில் உயிரின் இயல்பை ஆராய்ந்தார். 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்னும் நூலில் மறுபிறப்புக் கொள்கையை மறுத்தார். ஆனால் அவர்தாமே மதுரையில் உயர்சாதியினரின் ஒழுகலாறுகளை மேற்கொண்டு, சாதி வேறுபாட்டைச் சமயத்துக்குப் புறம்பான சமுதாய வழக்கமெனக் கொண்டு அனுமதித்தார். சாதிக்கு ஆதாரமாயிருந்த வினைக் கோட்பாட்டை ஏட்டிலே தகர்த்தவர், சாதியை நடைமுறையிலே ஏற்றுக்கொண்டார். தனித்தனிப் படைப்பு என்ற போதனை தமிழ்ச் சூழலில் கொண்டிருந்த வலிமையும் வரையறையும் இந்த ஒருவரிடத்திலேயே தெளிவாகத் தெரிகின்றன.

இக்கரையில் மூன்றாவது மரபொன்றும் உண்டு. எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் வாழ்ந்துவரும் முஸ்லிம் மக்களின் சமய மரபு, இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாக 'முஸவ்விர்', அதாவது உருவமைப்பவன், என்பதைப் போற்றுகின்றது. கருவறையில் மனிதனுக்கு உருக்கொடுப்பவன் இறைவனே என்பது இஸ்லாத்தின் நம்பிக்கையுமாகும். எனவே மன்னாரில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய மூன்றும் வெவ்வேறு மொழியிலாயினும் மனிதனின் தனித்துவத்தை ஏதோவொரு வகையில் ஏற்றுக்கொண்டே வந்துள்ளன. ஏற்றுக்கொண்ட கருத்து வாழ்க்கையில் எங்ஙனம் செயற்பட்டது என்பதே அடுத்து நோக்கவேண்டியது.

3. முத்தும் ஞானஸ்நானமும்

1535 முதல் 1537 வரையான காலத்தில் எதிர்க்கரையான முத்துக்குளித்துறையில் பரதவர் பெருந்தொகையினராய் ஞானஸ்நானம் பெற்றனர். முத்துக்குளிப்பில் தமக்குப் போட்டியாயிருந்தோரின் நெருக்குதலுக்கு எதிராகப் போர்த்துக்கேயரின் கடற்படைப் பாதுகாப்பை நாடியமையே அம்மாற்றத்தின் உடனடிக் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்ற முடிபாகும். இச்செய்தி கடல் கடந்து மன்னாருக்கு வரத் தாமதமாகவில்லை. 1544இல் மன்னார்த் தீவின் கரையோர மக்கள், அப்போது முத்துக்குளித்துறையிலும் திருவிதாங்கூர்க் கரையிலும் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தனர். தாம் வரவியலாமையால் அவர் வேறொரு குருவை அனுப்பினார். மக்கள் திரளாகச் சமயம் மாறினர்.

மன்னார் அக்காலத்தில் யாழ்ப்பாண அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. சமயமாற்றம் அரசுரிமை மாற்றத்துக்கும், முத்து வருவாய் கைமாறுவதற்கும் முன்னறிகுறியென யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கருதினான். எதிர்க்கரையில் நிகழ்ந்ததை நோக்குமிடத்து அவனது அச்சம் காரணமற்றதன்று. அவ்வாண்டின் இறுதியில் அவனுடைய படை மன்னாரில் புதிய கிறிஸ்தவரைக் கொன்றது. கொல்லப்பட்டோர் தொகை அறுநூறு முதல் எழுநூறு வரை எனக் கூறப்படுகின்றது. தோட்டவெளியில் இன்றும் அவர்கள் வேதசாட்சிகளாக நினைவுகூரப்படுகின்றனர்.

இங்கே சிந்திக்கவேண்டிய நிகழ்ச்சி அடுத்து நடந்தது. சங்கிலியைத் தண்டிக்கப் படையெடுக்குமாறு சவேரியார் போர்த்துக்கேய ஆட்சியாளரை வேண்டினார். 1545இல் படையும் ஆயத்தமானது. ஆயின் அவ்வேளை பெகு நாட்டிலிருந்து சரக்கேற்றிவந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு சங்கிலியின் கைக்குப் போனது. சரக்கை மீட்கும் பேச்சு முற்பட்டது, படையெடுப்புக் கைவிடப்பட்டது. இதனைச் சவேரியாரின் கடிதங்களே கூறுகின்றன. ஒவ்வொருவரும் இறைவனின் கைவேலை என்ற போதனையை ஏற்ற அறுநூறு பேரின் உயிர், அப்போதனையைக் கொண்டுவந்த வல்லரசின் தராசில் ஒரு கப்பற் சரக்குக்கு ஈடாகவில்லை. வணிக முதலாளித்துவத்தின் இயல்பை விளக்க இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னர் 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தைத் தாக்கி, மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தபோது, வேதசாட்சிகளின் நினைவைவிட முத்துப் பார்களின் வருவாயும் நீரிணையின் காவலுமே முதன்மை பெற்றிருந்தன.

4. மொழியும் போதகரும்

கோட்பாடுகள் சொற்கள் வழியாகவே மக்களிடம் செல்கின்றன. 1554இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்கள் உரோம எழுத்தில் அச்சேறின. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்க'மும், 1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்க'மும், 1586இல் 'அடியார் வரலாறு'ம் தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பட்டன. இவற்றின் ஆசிரியர் என்றீக்கே என்றீக்கஸ். அச்சுப் பணிக்கான செலவில் முத்துக்குளித்துறைப் பரதவரின் பங்கு கணிசமானது. தமிழின் முதல் அச்சு நூல்கள் அரசவையின் பொருளாலோ மடத்தின் பொருளாலோ அன்றி, கடலோடிகளின் பொருளால் வெளிவந்தன என்பது தமிழிலக்கிய வரலாற்றில் அழுத்திக் கூறப்படவேண்டியதாகும்.

என்றீக்கஸ் 1560களின் தொடக்கத்தில் மன்னாரில் தங்கிப் பணியாற்றினார். இங்கிருந்து எழுதிய கடிதங்கள் கிடைத்துள்ளன. அவருடைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று எமது பொருளோடு நேரடித் தொடர்புடையது. போர்த்துக்கலில் யூத மரபில் வந்த குடும்பமொன்றில் பிறந்த அவர், முதலில் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தார். அவருடைய பிறப்பு வழி தெரியவந்தபோது அச்சபையை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர் 1545இல் இயேசு சபை அவரை ஏற்றது. அடுத்த ஆண்டு அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஒவ்வோர் ஆத்துமமும் இறைவனின் நேரடிப் படைப்பு எனப் போதித்த திருச்சபையினுள்ளேயே, இரத்தத்தின் தூய்மை என்ற பெயரால் பிறப்பு அளந்து பார்க்கப்பட்டது. ஐரோப்பாவின் இவ்வளவுகோலுக்கும் எம்மவரின் சாதிக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடில்லை. தம் பிறப்பின் பொருட்டு விலக்கப்பட்ட ஒருவரே, பிறப்பின் பொருட்டுத் தாழ்த்தப்பட்ட கடலோர மக்களிடம் வந்து அவர்களுடைய மொழியைக் கற்று அதற்கு இலக்கணமும் வகுத்தார்.

அவர் கடவுளைக் குறிக்கத் 'தம்பிரான்' என்ற சொல்லை ஆண்டமை கவனத்துக்குரியது. பின்னர் வழங்கிய 'சர்வேசுரன்' என்பதோடு ஒப்பிடும்போது இது மக்கள் வாயில் முன்பே வழங்கிய சொல். அது உடையவனையும் தலைவனையும் குறிப்பது. அன்பான இறைவனைக் கூற முற்பட்ட மொழி, ஆண்டான் அடிமை உறவின் சொல்லையே எடுத்தாள நேர்ந்தது. ஆயினும் அச்சொல்லின் பின்னால் விவிலியம் வைத்த உருவம் ஆண்டானின் உருவமன்று. மண் பிசைபவனும் நூல் நெய்பவனும் ஆன ஒரு தொழிலாளியின் உருவம் அது. குயவரையும் நெசவாளரையும் கடலோடியையும் கைத்தொழில் செய்வோர் என்ற காரணத்தால் கீழே வைத்த சமுதாயத்தில், உலகைப் படைத்தவனே கைத்தொழில் செய்பவன் என்ற படிமம் கேட்டோர் உள்ளத்தில் எத்தகைய அதிர்வை எழுப்பியிருக்கும் என்பதை நாம் ஊகித்தறியலாம்.

ஊகத்துக்கு எதிரான நடைமுறையையும் இங்கு கூறவேண்டும். வடபுலக் கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் சாதிக்கொரு பக்கம் இருக்கையும், சில ஊர்களில் சாதிக்கொரு கோயிலும், சேமக்காலையிலும் தனியிடமும் நெடுங்காலம் நிலைத்தன. முன்வினையின் இடத்தில் 'அவரவர் நிலையில் வைத்த தேவ சித்தம்' என்னும் புதிய விளக்கம் வந்தமர்ந்தது. அடித்தளம் மாறாத இடத்தில் மேற்கட்டுமானத்தின் சொற்கள் மாறினாலும் அவற்றின் தொழில் மாறுவதில்லை.

5. குருமார் இல்லாத காலம்

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. 1670இல் மாந்தையைச் சேர்ந்த ஏறத்தாழ இருபது குடும்பங்கள் தம் தேவாலயத்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டினூடாகச் சென்று மருதமடுவை அடைந்தன என மரபு கூறும். மடுத் திருப்பதியின் தொடக்கம் இதுவே.

இக்காலம் எமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகளார் கூலியாளின் தோற்றத்தில் இலங்கைக்கு வந்துசேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மக்களுக்குக் குருமார் இல்லை. அரசின் ஆதரவும் இல்லை. சமயமாற்றம் வெறும் பாதுகாப்புப் பேரம் மட்டுமாயின், பேரத்தின் பயன் நீங்கியபோது அதுவும் நீங்கியிருக்கவேண்டும். நீங்கவில்லை. மூப்பரும் அண்ணாவிமாரும் செபங்களை மனனமாகக் காத்தனர், பிறந்த குழந்தைக்குப் பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தனர், இறந்தோருக்காகச் செபித்தனர். கல்வியறிவும் அதிகாரமும் உள்ளோரின் கையிலிருந்த கருத்தொன்று முதன்முறையாக உழைக்கும் மக்களின் கைக்கு முழுமையாக வந்தது இக்காலத்திலேயாகும்.

1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். அவருடைய 'தேவ அருள்வேத புராணம்' படைப்பிலிருந்து தொடங்கி விவிலிய வரலாற்றை உரைநடையிற் கூறுவது. 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் வடபுலக் கோயில்களில் ஓதப்பட்டு வருவது. தமிழ் உரைநடை வரலாற்றில் இவற்றுக்குரிய இடம் இன்னும் முழுமையாக மதிப்பிடப்படவில்லை. மன்னாரின் நாட்டுக்கூத்துக்களையும் இத்தொடர்ச்சியிலேயே வைத்து நோக்கவேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த 'என்றீக் எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' முதலிய நாடகங்கள் குருமாரின் போதனையை அண்ணாவியின் மத்தளத்தோடு இணைத்தவை. அங்கே உலகாளும் மன்னனின் வேடத்தை ஏற்று ஆடுபவன் பகலில் வலை இழுக்கும் தொழிலாளி. ஓரிரவாயினும் அவன் பிறப்பு அவனுடைய வேடத்தைத் தீர்மானிப்பதில்லை.

6. எண்ணிக்கையின் ஆட்சி

ஆங்கிலேயர் காலத்தில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, பேரரசின் கணக்கேடுகளுக்குள் முழுமையாக வந்தது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் மாளிகை கட்டினார். அதன் இடிபாடுகள் இன்றும் கடலரிப்புக்கு ஆளாகி நிற்கின்றன. குளியாளி கல்லொன்றின் பாரத்தால் கடலடிக்குச் சென்று, ஒரு நிமிட அளவில் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு, கயிற்றை அசைத்து மேலே வருவான். மேலே கயிறு பிடிப்பவனின் கவனமே அவனுடைய உயிர். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது தடவை இவ்வாறு மூழ்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தோருக்குமாகப் பிரிக்கப்பட்டது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பட்டு ஏலம் போனது. 1906இல் பார்கள் ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு இருபது ஆண்டுக் குத்தகையாக ஆங்கிலக் கம்பனியொன்றுக்கு விடப்பட்டன. 1907க்குப்பின் சிப்பி வளம் குன்றியது.

சுறாவின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி' என்ற மாந்திரிகன் கரையில் நின்று மந்திரம் ஓதாவிடில் குளியாளிகள் கடலில் இறங்க மறுத்தனர். அதனால் அரசே அவனுக்கு ஊதியம் வழங்கியது. 1859இல் வெளிவந்த நூலில் எமர்சன் டெனன்ட், தம் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என வியப்போடு குறிப்பிடுகின்றார். வியப்புக்கு இடமில்லை. ஒவ்வொருவரையும் காக்கும் இறைவனை நம்பியவன், கடலடியில் தன்னைக் காக்க அரசு எதுவும் செய்யாது என்பதையும் அறிந்திருந்தான். ஒருவனை ஒருவனாகக் கருதும் கவனத்தை அவன் கோயிலிலும், கடல்கட்டியிடமும், கயிறு பிடிப்பவனிடமும் தேடினான். கணக்கேட்டில் அது கிடைக்கவில்லை.

இதே மன்னார்க் கரை வழியாகத்தான் 1830கள் முதல் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்திறங்கி, காட்டுப் பாதையில் மலைநாடு நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் மாண்டவர் பலர். வந்தோரும் திரும்பியோரும் துறைமுகங்களில் தொகையாகப் பதிவாயினர். இடையில் மறைந்தோர் பெயராக எங்கும் பதிவாகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை தொழிலாளியின் கழுத்தில் தொங்கியது. அவனை அடையாளம் காட்டியது பெயரன்று. அவனை எத்தோட்டத்துக்கு ஒப்படைப்பது என்பதைக் காட்டும் இலக்கம்.

முதலாளித்துவ உற்பத்தியில் மனித உழைப்பு அளவாக மட்டும் தோன்றுகின்றது. ஒருவனுடைய ஒரு மணிநேரம் இன்னொருவனுடைய ஒரு மணிநேரத்துக்குச் சமம். ஒருவன் மாண்டால் இன்னொருவன் அவ்விடத்தை நிரப்புவான். எவரும் எவருக்கும் மாற்றாகார் என்று கூறும் தனித்தனிப் படைப்புக் கோட்பாடு, அதனைக் கூறியோரின் நோக்கம் எதுவாயினும், இவ்வுற்பத்தி முறையின் தர்க்கத்தோடு இயல்பாகவே முரண்படுகின்றது. அம்முரணைத் திருச்சபை நெடுங்காலம் மறுமைக்கு ஒத்திவைத்தே சமாளித்தது.

7. காணாமற்போனோரின் கணக்கு

அண்மைக்கால வரலாறு இக்கோட்பாட்டை மறுமையிலிருந்து மீண்டும் மண்ணுக்குக் கொண்டுவந்துள்ளது. 1990 ஒக்டோபரில் மன்னார் உட்பட வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தமிழ் பேசும் மக்களின் விடுதலைக்கெனப் போராடியோர், தமிழ் பேசும் அயலவரை ஆள் ஆளாக நோக்காது ஒரு தொகுதியாகவே நோக்கினர். ஒருவர் செய்ததற்கோ செய்யாததற்கோ அங்கு இடமிருக்கவில்லை. இதனைக் கூறாது அரச வன்முறையை மட்டும் கூறும் வரலாறு பாதி வரலாறாகவே அமையும்.

2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது மாதா சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வன்னி மக்களின் நெடிய இடப்பெயர்வு 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. 2011 சனவரியில் மன்னாரில் கூடிய கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை எழுத்துமூலச் சாட்சியம் அளித்தார். அரசாங்க அதிபர் பணிமனைகளின் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 யூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என அவர் கேட்டார். அவ்வினாவுக்கு விடை கிடைக்காமலே 2021 ஏப்ரல் முதலாந் திகதி அவர் காலமானார்.

இச்சாட்சியத்தின் கருத்தியல் முக்கியத்துவம் போதிய அளவு உணரப்படவில்லை. அரசு எண்ணிய எண்களையே அவர் எடுத்தாண்டார். ஆனால் அரசு எண்ணுவது ஆள்வதற்கு. அவர் எண்ணியது விடை கோருவதற்கு. மனிதர் ஒவ்வொருவரும் இறைவனின் கணக்கில் உள்ளவர் என்ற பழைய போதனை, ஒவ்வொருவருக்கும் அரசு கணக்குக் காட்டவேண்டும் என்ற அரசியற் கோரிக்கையாக அங்கே உருமாறியது. இருநூறு ஆண்டுகளாகக் குடியேற்ற நிருவாகம் பயன்படுத்திய கழித்தற் கணக்கு, முதன்முறையாகக் கழிக்கப்பட்டோரின் பக்கத்திலிருந்து போடப்பட்டது.

2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் சிறுவருடையனவும் இருந்தன. 2019 மார்ச்சில் வெளியான அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் காலக்கணிப்பு, பரிசோதிக்கப்பட்ட மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை எனக் கூறியது. காணாமற்போனோரின் உறவினர் அதனோடு அமைதியடையவில்லை; மேலதிக ஆய்வு கோரப்பட்டது. பிள்ளையைத் தேடிய தாய்க்கு ஐந்நூறு ஆண்டுப் பழமை ஆறுதலாகாது. எமக்கு இதில் வேறொன்றும் புலப்படுகின்றது. எக்காலத்தவராயினும் அவ்வெலும்புகள் இலக்கமிடப்பட்டுப் பெட்டிகளில் வைக்கப்பட்டன; பெயரிட எவரும் இல்லை. இக்கரையில் பெயரிழத்தல் ஒரு யுத்தத்தோடு தொடங்கியதன்று.

8. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கட்டங்கள் புலனாகும். முதற் கட்டத்தில் தனித்தனிப் படைப்பு என்ற போதனை வணிகப் பேரரசின் துணையோடு வந்து, முன்வினைக் கோட்பாட்டை மறுத்தும் சாதியைத் தீண்டாதும் நின்றது. இரண்டாங் கட்டத்தில் குருமார் அற்ற மக்கள் அதனைத் தமதாக்கி, அதிகாரத்தின் எதிர்ப்புக்கு நடுவே காத்தனர். மூன்றாங் கட்டத்தில் அது காணாமற்போனோரின் பொருட்டு எழுந்த கோரிக்கையின் மொழியாயிற்று. கோட்பாட்டின் வாசகம் ஒன்றே. அதனைக் கூறிய வர்க்கமும் கூறப்பட்ட சூழ்நிலையும் மாறியபோது அதன் சமூகப் பொருளும் மாறியது.

இதிலிருந்து முற்போக்காளர் பெறவேண்டிய பாடமும் உண்டு. வெகுசனங்கள் என்ற சொல்லை இடதுசாரி இயக்கம் பெருமிதத்தோடு வழங்கியது. ஆனால் அச்சொல்லுக்குள் தனிமனிதர் மறைந்துபோன சந்தர்ப்பங்களும் அவ்வியக்கத்தின் உலக வரலாற்றில் உண்டு. 1848இல் மார்க்சும் ஏங்கெல்சும் தம் அறிக்கையில் வரையறுத்த வருங்காலச் சமுதாயத்தில், ஒவ்வொருவரின் வளர்ச்சியும் அனைவரின் வளர்ச்சிக்கும் முன்நிபந்தனையாக வைக்கப்பட்டுள்ளது. அங்கே 'ஒவ்வொருவர்' என்பது 'அனைவர்' என்பதற்கு முன்னால் நிற்கின்றது. கருவறையில் மனிதனை நெய்தவன் யார் என்பதில் விசுவாசிக்கும் எமக்கும் கருத்து வேறுபாடு தொடரும். நெய்யப்பட்ட ஒருவர் காணாமற்போனால், அவர் பெயரைக் கூறி விடை கேட்கவேண்டும் என்பதில் வேறுபாடிருக்க நியாயமில்லை. மன்னார்க் கரையின் உழைக்கும் மக்கள் இக்கோட்பாட்டை நானூற்றெண்பது ஆண்டுகளாகக் கைவிடாது காத்துவந்தமைக்கான காரணத்தை அவ்வினாவிலேயே நாம் காண்கின்றோம்.